பிரேக் டிஸ்க் மாற்றியபின் வந்த சத்தம்: குளச்சல் வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி எட்டு வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். 80,000 கி.மீ.க்குச் சற்று மேல் ஓடியிருந்தது. ஓட்டுபவர் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. வீடு குளச்சலில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில். வாரநாட்களில் குளச்சல், திங்கள்நகர், தக்கலை என்று நெரிசலில் ஊர்ந்து போகிற ஓட்டம். சனி, ஞாயிறில் கணவர் வீட்டு ரப்பர் தோட்டத்துக்காகக் குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ரோட்டில் ஏற்ற இறக்கம். மற்ற நேரமெல்லாம் கடலைப் பார்த்த தகர ஷெட்டில் வண்டி நிற்கும்.

ஏப்ரல் கடைசியில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தோடு சுற்றும் முன் டிஸ்க் இரண்டையும், அவற்றை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளையும் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது சரிதான். பழைய டிஸ்க்குகள் தேய்ந்து, அவற்றின் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனமான 18 மி.மீ.யைத் தொட்டுவிட்டன, ஓரத்தில் விளிம்பு கட்டியிருந்தது. புதிதாகப் போட்டது வண்டி தயாரித்த கம்பெனியின் டிஸ்க் அல்ல, ஸ்பேர்ஸ் கடையில் வாங்கிய வெளி டிஸ்க். விலை ஏறக்குறைய பாதி.

அந்த வாரமே சத்தம் ஆரம்பித்தது. திரும்பக் கொண்டுபோனபோது பேடின் ஓரத்தை அரத்தால் ராவிக் கொடுத்தார்கள். சில நாள் அடங்கி மறுபடி வந்தது. அடுத்த தடவை பேடையே மாற்றினார்கள், அதுவும் வேறு கம்பெனிப் பேட். அதன் பிறகும் சத்தம் போகவில்லை. கடைசியில் கிடைத்த பதில், “வெளி டிஸ்க் அப்படித்தான் இருக்கும், கம்பெனி டிஸ்க் போட்டால் சரியாகிவிடும்” என்பது.

ஜூலை முதல் வாரத்தில் நாகர்கோவிலில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி வந்தது. வந்தது சத்தத்தைப் பார்க்க அல்ல, கம்பெனி டிஸ்க் போட என்ன ஆகும் என்று கேட்க.

முதல் முடிவு

டிஸ்க் விலையைச் சொல்லி ஆர்டர் எடுப்பது எங்களுக்குச் சுலபமான வழி. அப்படிச் செய்யவில்லை. காரணம், அவர் சொன்ன ஒரு வாக்கியம்: “பிரேக்கை விட்டாத்தான் சத்தம் பாத்துக்கிடுங்க. மிதிச்சா அடங்கிப்போவுது.”

டிஸ்க்கின் முகம் கெட்டுப்போயிருந்தால் மிதிக்கும்போது சத்தம் கூடத்தான் செய்யும். மிதித்தால் அடங்குகிறது என்றால், சும்மா உருளும்போது ஏதோ ஒன்று லேசாகத் தொட்டுத் தொட்டுப் போகிறது என்று பொருள். அது பேடாக இருக்கலாம், டிஸ்க்கின் பின்னாலிருக்கும் தூசித் தடுப்புத் தகடான டஸ்ட் கவராக இருக்கலாம், பேடில் இருக்கும் தேய்மான எச்சரிக்கைத் தகடாகவும் இருக்கலாம். இதில் எதற்கும் டிஸ்க்கை மாற்றுவது நேரடி மருந்து இல்லை.

ஆனால் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தபோது அவரே, “காலையில மட்டும் கீச்சுன்னு வரும். தோட்டத்துல இருந்து இறங்கி வரும்போதும் வரும்” என்றார். அது மிதிக்கும்போது வருகிற சத்தம். முதலில் சொன்னதற்கு நேர் எதிர். “டீச்சர், ரிவர்ஸ் எடுத்துட்டு முன்னால போகும்போது ஏதாவது கேக்குதா?” என்று கேட்டோம். யோசித்துவிட்டு, “டக்குனு ஒண்ணு கேக்கும். அது எல்லா வண்டியிலயும் உள்ளதுதானே?” என்றார்.

மூன்றையும் சேர்த்து ‘சத்தம்’ என்று ஒரே பெயரில்தான் அவர் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறார். முன்பு பார்த்தவர்களும் ஒரே நோய்க்கான ஒரே மருந்தைத் தேடியிருக்கிறார்கள். டிஸ்க்கைப் பற்றிய முடிவைத் தள்ளிவைத்து, முதலில் மூன்று சத்தத்தையும் தனித்தனியாகப் பிடிப்பது என்று தீர்மானித்தோம். பரிசோதனைக் கூலி மட்டும் பேசிக்கொண்டோம்.

ஓட்டிக் கேட்டது

பிரேக் சத்தத்தைக் கேட்க நெடுஞ்சாலை வேண்டாம். நல்ல உயரமான காம்பவுண்டு சுவர் ஓரமாக, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆள் நடக்கிற வேகத்திலிருந்து 30 கி.மீ. வரை ஓட்டினால் போதும். சக்கரத்தில் பிறக்கும் சத்தம் சுவரில் பட்டுக் காதுக்குத் திரும்பி வரும். இடது, வலது என்று சுவரை மாற்றி ஓட்டினால் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். ஜூலையில் ஆரல்வாய்மொழிப் பக்கம் இந்த வேலைக்குப் போவது வீண். அங்கே அடிக்கிற காற்றில் ஹார்ன் சத்தமே பாதிதான் கேட்கும்.

இடது முன்சக்கரத்திலிருந்து ‘சர்ர்... சர்ர்...’ என்று விட்டுவிட்டு ஓர் உரசல் வந்தது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு தடவை. வேகம் கூடக்கூட நெருங்கி வந்து, 30ஐத் தாண்டியதும் டயர் சத்தத்தில் கரைந்துவிட்டது. பெடலில் காலை வைத்ததும் நின்றது. வலப்பக்கம் வளைக்கும்போது கூடியது. அப்போது பாரம் இடதுசக்கரத்தின் மேல் விழுகிறது. பேரிங்கோ என்ற சந்தேகம் இங்கே எழ வேண்டும். ஆனால் பேரிங் ‘ஹும்’ என்று தொடர்ச்சியாக உறுமும், பிரேக் மிதித்தால் நிற்காது. பிறகு ஜாக்கியில் ஏற்றி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தபோதும் ஆட்டம் இல்லை.

அடுத்து பின்பக்கத்தை ஒதுக்க வேண்டும். மெதுவாக உருளும்போது பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தோம். மூன்று சத்தத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆக, டிரம்முக்கு இதில் பங்கில்லை.

‘டக்’ சத்தம்தான் கொஞ்சம் அலைக்கழித்தது. ரிவர்ஸில் பிரேக், பிறகு முன்னால் போய்ப் பிரேக் என்றால் ஒரு டக். மறுபடி முன்னாலேயே போய்ப் பிரேக் பிடித்தால் இல்லை. இது பேட் தன் இருக்கையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்து முட்டுகிற சத்தம். ஆனால் சில தடவை, 20 கி.மீ.யிலிருந்து மெல்ல மிதித்து நிறுத்தும்போது ‘டக்... டக்... டக்’ என்று வரிசையாகவும் வந்தது. திசை மாறாதபோது பேட் இருக்கையில் முட்டக் காரணமில்லை. எனவே டக்கிலும் இரண்டு வகை இருந்தது.

கீச்சு அன்று வரவில்லை. வண்டியை இரவு வெளியே மழையில் நிறுத்திவிட்டு மறுநாள் காலை எடுத்தபோது முதல் சில பிரேக்கில் வந்தது.

டயல் கேஜ் வைத்துப் பார்த்தது

சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க், தான் உட்காரும் ஹப்போடு (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) ஒட்டாமல் தளர்ந்துவிடும். அந்த நிலையில் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. சக்கர நட்டுகளையே வாஷர் போட்டு, எதிரெதிராகச் சமமாக முறுக்கி, டிஸ்க்கை ஹப்போடு இறுக்கியபிறகுதான் அளக்க வேண்டும். பல இடங்களில் இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். பிறகு நல்ல டிஸ்க்கின் மேல் பழி விழுகிறது.

டிஸ்க்கின் வெளி ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே கேஜின் முனையை வைத்துக் கையால் மெல்லச் சுற்றினோம். வலது டிஸ்க்கில் ஆட்டம், அதாவது சுற்றும்போது முகம் பக்கவாட்டில் விலகும் அளவு, 0.07 மி.மீ. இடதில் 0.16. இந்த வண்டிக்கு அனுமதி 0.10 வரை.

இடது டிஸ்க்கில் எண் உச்சத்துக்கு ஏறிய இடத்தைச் சாக்பீஸால் குறித்தோம். அதற்கு நேரே இருந்த ஹப் போல்ட்டிலும் ஒரு கோடு. பிறகு டிஸ்க்கைக் கழற்றி, அரைச்சுற்றுத் திருப்பி மாட்டி, மறுபடி அளந்தோம். கோளாறு டிஸ்க்கில் என்றால் உச்சம் டிஸ்க்கோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் போயிருக்கும். போகவில்லை. அதே ஹப் போல்ட்டுக்கு நேரேயே உச்சம் நின்றது.

டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், பார்வைக்கு மோசமில்லை. மேலோட்டமாக ஒயர் பிரஷ் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு போல்ட்டின் அடியைச் சுற்றிப் பிரஷ் எட்டாத இடத்தில் துரு அடுக்கடுக்காக, பக்கு கட்டி உட்கார்ந்திருந்தது. நகத்தால் கீறினால் வரவில்லை. கத்தி முனையால் நெம்பியபோது கரும்பழுப்பாக ஒரு சில்லு தெறித்தது. கடற்கரை ஊர் வண்டிகளில் இது வழக்கம். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்க வண்டிகளின் ஹப் முகத்தையும் குலசேகரம் பக்க வண்டிகளின் ஹப் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். போதாததற்கு நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. உப்புக்கு ஈரம் கிடைக்காத மாதங்கள் குறைவு.

அந்தச் சில்லு எவ்வளவு கனம் இருந்துவிடப் போகிறது? கணக்குப் போடலாம். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தின் விட்டம் 130 மி.மீ. நாங்கள் அளந்த வட்டத்தின் விட்டம் 230. ஹப்பின் ஓரத்தில் டிஸ்க் ஒரு பக்கம் 0.06 மி.மீ. தூக்கிக்கொண்டால், வெளியே அது 230/130 மடங்காகப் பெருகி 0.11 ஆகிவிடும். தலைமுடி கனத்துக்கும் குறைவான துரு போதும்.

நான்கு போல்ட்டின் அடியையும் வட்டப் பிரஷ் போட்டு எடுத்து, ஹப் முகத்தைத் தனியாக அளந்தோம்: 0.02. டிஸ்க்கை மாட்டி அளந்தபோது 0.05. வெளி டிஸ்க் என்று குற்றம் சாட்டப்பட்ட அந்த டிஸ்க், ஆட்டத்தைப் பொறுத்தவரை நல்ல டிஸ்க்தான்.

இதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் சத்தத்தோடு போயிருக்காது. டிஸ்க் கோணலாகச் சுற்றும்போது, பிரேக் மிதிக்காத நேரத்திலும் உயர்ந்த இடம் மட்டும் பேடில் பட்டுப்பட்டுத் தேயும். சில ஆயிரம் கி.மீ.யில் டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறிவிடும். அந்த வித்தியாசம் 0.02 மி.மீ. அளவுக்கு வந்தாலே பெடலும் ஸ்டீயரிங்கும் துடிக்க ஆரம்பிக்கும். அப்போது ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பார்கள்.

மிச்சமிருந்த உரசல்

துருவை எடுத்ததோடு வேறெதையும் தொடாமல் சக்கரத்தை மாட்டி அதே சுவர் ஓரமாக ஓட்டினோம். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்துவிட்டு ஓட்டினால் நேரம் மிச்சம். ஆனால் எது எந்தச் சத்தத்துக்குக் காரணம் என்பது தெரியாமலே போய்விடும். இந்த வண்டிக்கு ஏற்கெனவே அப்படித்தான் நடந்திருந்தது.

நேரே போகும்போது உரசல் நின்றுவிட்டது. வலப்பக்கம் வளைத்தால் மட்டும் மெலிதாக மிச்சம் இருந்தது.

மறுபடி கழற்றினோம். டஸ்ட் கவரின் உள்பக்கம், கீழ் ஓரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பளபளப்பான கோடு. பெயின்ட் போய் வெறும் தகடு தெரிந்தது. கவர் அந்த இடத்தில் லேசாக உள்வாங்கியும் இருந்தது. பழைய டிஸ்க் ஹப்பில் இறுகிக்கொண்டால் பின்னாலிருந்து தட்டித்தான் எடுப்பார்கள், அதில் பட்டிருக்கலாம்.

ஆனால் கவர் மட்டும்தானா? நல்லவேளையாகப் பழைய டிஸ்க் இரண்டையும் ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்குப் போடாமல் உரச் சாக்கில் கட்டி டிக்கியிலேயே வைத்திருந்தார். பழையதையும் புதியதையும் கண்ணாடிப் பலகையின் மேல் பக்கத்தில் பக்கமாகக் கவிழ்த்து வைத்து, ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் பேட் பிடிக்கும் முகத்துக்கும் இடையிலான ஆழத்தை வெர்னியரால் அளந்தோம். பழைய டிஸ்க்கின் தேய்மானத்தைக் கழித்தபிறகும் புதியது 0.8 மி.மீ. மாறியிருந்தது. அதாவது புது டிஸ்க் அந்த அளவுக்கு உள்ளே, கவரை நெருங்கி உட்காருகிறது. விட்டம் சரி, கனம் சரி, நடு ஓட்டை சரி. தொப்பி உயரம் எனப்படும் அந்த ஆழம் மட்டும் பிசகு. இது டிஸ்க் செய்தவரின் குறைதான், சந்தேகமில்லை.

இந்தக் குறைக்காக டிஸ்க்கைத் தள்ளிவிடலாமா என்பதுதான் கேள்வி. பேடுகளை அழுத்தும் காலிப்பர், பின்களின் மேல் நகரக்கூடியது, 0.8 மி.மீ.யை அது தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும். காலிப்பர் பிராக்கெட்டுக்கும் டிஸ்க் ஓரத்துக்கும் சுற்றிலும் இரண்டு மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தது. பேட் முழுவதும் டிஸ்க்கின் பிடிமுகத்துக்குள்ளேயே உட்கார்ந்தது. நகர முடியாதது டஸ்ட் கவர் ஒன்றுதான், அதையோ கையால் வளைக்கலாம். டிஸ்க்கை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். இந்த மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் அன்றே கழற்றிப் போட்டிருப்போம்.

டக் சத்தமும் ஸ்லைடு பின்னும்

காலிப்பரைத் திறந்ததும் கண்ணில் பட்டது பேடின் கனம். இடது உள்பேட் 8.6 மி.மீ., வெளிப்பேட் 9.8. இரண்டும் ஒரே நாளில் போட்டவை, ஓடியது 1,200 கி.மீ. போல. வெளிப்பேட் ஏறக்குறைய வேலையே செய்யவில்லை.

காரணம், காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின். கீழ்ப் பின் கையால் இழுத்தால் அசையவில்லை. பிளையரால் திருகி எடுத்தபோது அதன் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் ஊதிப்போய் உருக்குலைந்திருந்தது. பூசியிருந்தது சேசிஸுக்குப் போடுகிற சாதா கிரீஸ். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும். அங்கே சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். பின் பிடித்துக்கொண்டால் காலிப்பர் நகராது. பிஸ்டன் தள்ளுகிற உள்பேட் மட்டும் டிஸ்க்கைப் பிடிக்கும்.

வரிசையாக வந்த ‘டக் டக்’குக்கும் விடை இங்கேயே கிடைத்தது. டிஸ்க்கின் உள்முகம் தேய்ந்து கண்ணாடிபோல் இருந்தது. வெளிமுகத்திலோ லேத்தில் கடைந்த கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு பால்பாயிண்ட் பேனாவை டிஸ்க்கின் முகத்தில் லேசாக வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால், பேனா தானாக வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே போனது. லேத் உளி ஒரே ஓட்டமாக நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனதால் விழுந்த சுருள் கோடு அது. கிராமபோன் தட்டில் ஊசி நகர்வதைப் போல, பேடும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே ஏறும். இருக்கையின் எல்லை வந்ததும் சட்டென்று பழைய இடத்துக்கு விழும். மறுபடி ஏறும், மறுபடி விழும். மெல்ல மிதித்து மெல்ல நிற்கும்போதுதான் இது நன்றாகக் கேட்கும்.

சாதாரணமாகச் சில நூறு கி.மீ.யில் பேடே இந்தக் கோடுகளைத் தேய்த்துவிடும், சத்தம் தானாகப் போய்விடும். இந்த வண்டியில் வெளிப்பேட் வேலை செய்யாததால் கோடு சாகவே இல்லை. போதாததற்கு, பேட் உட்காரும் கிளிப்புகள் பழையவை, பிடிப்பு விட்டவை. அவற்றுக்கு அடியில் பிராக்கெட்டில் துரு. ரிவர்ஸ் எடுத்தபின் வந்த ஒற்றை டக் அதனால்தான்.

கீச்சு

கீச்சு என்பது பேடும் டிஸ்க்கும் சேர்ந்து வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்வது. பேட் மெட்டீரியல் கெட்டியாக இருந்தாலும், முகம் கருகிப் பளபளத்தாலும், பேடுக்கும் காலிப்பருக்கும் நடுவே அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஷிம் தகடு இல்லாவிட்டாலும் அது வரும். இந்தப் பேடில் மூன்றும் சேர்ந்திருந்தன. புதுப் பேடை டிஸ்க்கோடு இசையும்படி ஓட்டிப் பழக்காமலே கொடுத்திருக்கிறார்கள். முதல் சனிக்கிழமையே வண்டி பேச்சிப்பாறை ரோட்டில் இறங்கியிருக்கிறது. இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பெடலிலேயே கால் வைத்து வருவது அவர் வழக்கம். ஒரே பேட் பிடிக்கிற காலிப்பரில் அந்தச் சூடு முழுவதும் உள்பேடின் தலையில்.

காலையில் வருவது வேறு. டிஸ்க் வார்ப்பிரும்பு. இரவு ஈரத்தில் அதன் முகத்தில் மெல்லிய துரு படரும், முதல் சில பிரேக்கில் அது உரசிப் போய்விடும். கம்பெனி டிஸ்க்காக இருந்தாலும் இது உண்டு. இதைச் சரிசெய்துதருவதாகச் சொல்லக்கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம்.

எதை மாற்றுவது, எதை விடுவது

ஆசிரியையின் கணவரும் அன்று வந்திருந்தார். இரண்டு செட் பேடுக்கு ஏற்கெனவே செலவழித்தாயிற்று. “இந்தப் பேடையே எமரி போட்டுப் பாக்க முடியாதா அண்ணே?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முகம் கருகியது மட்டும் என்றால் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் உள்பேட் ஒரு முனையில் மற்ற முனையைவிட அரை மி.மீ. கூடுதலாகத் தேய்ந்து கோணலாகியிருந்தது. கோணல் பேடை எமரியில் நேராக்க முடியாது. அதோடு பேடின் காதுகள் பிராக்கெட்டில் லொடலொடவென்று இருந்தன. பேடை மாற்றுவது, டிஸ்க்கை விடுவது என்று சொன்னோம். ஷிம்மோடு வரும் கம்பெனிப் பேட், கிளிப், பின் கிட் மூன்றும் சேர்ந்தும் கம்பெனி டிஸ்க் ஜோடி விலையில் பாதியைத் தொடவில்லை. வலது பக்கப் பின்னில் கோளாறு இல்லை. இருந்தும் அதிலும் அதே சாதா கிரீஸ்தான் இருந்தது என்பதால் இரண்டு பக்கமும் மாற்றினோம்.

இளம்பையன்கள் ஆசைப்பட்டுப் போடுகிற ஓட்டை போட்ட, கோடு வெட்டிய டிஸ்க்குகளைப் பற்றி அவர்களுடைய மகன் கேட்டான். அவற்றில் பிரேக் மிதிக்கும்போது வேகத்துக்குத் தக்க ஏறி இறங்கும் ஒரு ‘விர்ர்’ இயல்பாகவே உண்டு, சத்தத்தால் நொந்து வந்த வண்டிக்கு அது வேண்டாத வேலை என்றோம்.

வேலை

பிரேக் தூசியை ஏர் ஹோஸ் பிடித்து ஊதவில்லை, நனைத்துக் கழுவினோம். டிஸ்க்கின் இரண்டு முகத்தையும் 120 நம்பர் எமரியால், சுருள் கோட்டுக்குக் குறுக்கே, வட்ட வட்டமாகத் தேய்த்துப் பேனா நகராத நிலைக்குக் கொண்டுவந்தோம். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தோம். பிரேக் கிளீனர் மட்டும் அடித்தால் எமரித் தூள் நுண்துளைகளில் தங்கிவிடும். டஸ்ட் கவரை வளைத்துச் சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி கொடுத்தோம். பிராக்கெட்டில் கிளிப்பின் அடித் துருவைச் சுரண்டி எடுத்தோம். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால், எதிரெதிராக, வண்டிக் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்கினோம். நட்டு ஒரு பக்கம் கூடுதலாக இறுகினாலே டிஸ்க்கில் ஆட்டம் வரும்.

மறுநாள் விடியுமுன் தோவாளை தாண்டி ரோடு காலியாக இருக்கும்போது பேடைப் பழக்கினோம். 60 கி.மீ.யிலிருந்து 15 வரை, திடீரென்று அல்லாமல் ஒரே அழுத்தத்தில் குறைப்பது; முழுவதும் நிறுத்தாமல் மறுபடி வேகமெடுப்பது. இப்படிப் பத்துத் தடவை போல. சூடான பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் பேடின் படிவு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் நிறுத்தக்கூடாது. கடைசியில் பிரேக் தொடாமல் சில கி.மீ. ஓட்டி ஆறவிட்டோம்.

அதன்பின்

உரசலும் இரண்டு வகை டக்கும் அன்றே போயின. இறக்கத்தில் வந்த கீச்சு திரும்பவில்லை; பேச்சிப்பாறையிலிருந்து இறங்கும்போது இரண்டாம் கியரில் வரச் சொல்லியிருந்தோம், அதையும் கடைப்பிடிக்கிறார். காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் கரகரப்பு உண்டு. அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

சுமார் 1,000 கி.மீ. ஓடியதும் வண்டி மறுபடி வந்தது. இடது டிஸ்க்கின் ஆட்டம் 0.05தான். உள்பேடும் வெளிப்பேடும் சமமாகத் தேய்ந்திருந்தன. டிஸ்க்கின் கனத்தை எட்டு இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்ததில் வித்தியாசம் 0.01ஐத் தாண்டவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் போன்: “அண்ணே, மறுபடி வந்துட்டு. இந்தத் தடவை ரொம்பக் கத்துது.” தோட்டத்து மண்ரோட்டிலிருந்து வந்தபின் ஆரம்பித்ததாம். நிற்காமல் தொடர்ச்சியாகக் கத்துகிறது, பிரேக் மிதித்தாலும் மாறவில்லை என்றார். டஸ்ட் கவருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே கல் சிக்கினால் இப்படித்தான் இருக்கும். இடமிருந்தால் மெதுவாகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கச் சொன்னோம். செம்மண் ஒட்டிய ஒரு சரளைக் கல் விழுந்தது.

இனி மாறுவது

எங்கள் ஜாப் கார்டில் பிரேக் புகாருக்கு ஒரே வரிதான் இருந்தது. இப்போது கூடவே சில கேள்விகள் அச்சிட்டிருக்கிறோம்: மிதிக்கும்போதா, விடும்போதா, வளைவில் கூடுகிறதா, ரிவர்ஸ் எடுத்தபிறகா, காலையில் மட்டுமா, இறக்கத்துக்குப் பிறகா. வண்டியை வாங்கி வைக்கிற பையனே இதைக் கேட்டு எழுதிவிடுவான்.

புது டிஸ்க் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், மாட்டுமுன் பழையதோடு கண்ணாடிப் பலகையில் வைத்துத் தொப்பி உயரம் அளப்பது, பேனா வைத்துச் சுருள் கோடு பார்ப்பது இரண்டும் கட்டாயம். கடற்கரை ஊர் வண்டிகளுக்கு ஹப் முகத்தை டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் டிஸ்க் ஏற்றுவதில்லை. இதற்கு அரைமணி நேரம் கூடுதலாகும், அதற்கான கூலியை முன்பே சொல்லிவிடுகிறோம். சிலர் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் கார்டில் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம்.

டிஸ்க் விற்ற கடைக்காரரிடம் 0.8 மி.மீ. விவகாரத்தை அளவோடு காட்டினோம். கையிருப்பில் இருந்த அதே நம்பர் டிஸ்க்குகளில் இரண்டைப் பிரித்து எங்கள் முன்னாலேயே அளந்தார். ஒன்று சரியாக இருந்தது, மற்றது இல்லை. வாங்க வருபவர் பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்தால் அளந்துபார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

குளச்சல் வண்டிக்கு வருடம் ஒரு தடவை, மே மாதத்தில் மழைக்கு முன்னால், பின்களைக் கழற்றிச் சிலிக்கான் கிரீஸ் போடுவது என்று கார்டில் குறித்திருக்கிறது. பஞ்சர் கடையில் சக்கரம் கழற்றினால் நட்டைக் குறுக்காக முறுக்கச் சொல்லும்படியும் அதில் எழுதியிருக்கிறோம்.